மழை ஓய்ந்த பிறகு தொட்டித் தோட்டம்: சிங்கப்பூர் வீடுகளுக்கு முழுமையான வழிகாட்டி

ஊரில் ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். சிங்கப்பூரில் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே பட்டம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், தை மாதக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஓயும்போது தொடங்குவதுதான் அது. டிசம்பரில் சராசரியாக 330 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பிப்ரவரியில் அது 105 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். பொங்கலுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் இடையில் எங்கோ ஒரு வாரத்தில் வானம் தெளியும், தாழ்வாரத்தில் காற்று அடிக்கும், துணி சீக்கிரம் காயும். செடி வளர்ப்பவர்களுக்கு அப்போதே கை பரபரக்கும்.

அந்தப் பரபரப்பில் பலரும் செய்வது, பழைய தொட்டியின் மேல்மண்ணைக் கொஞ்சம் கிளறிவிட்டு விதையைத் தூவுவது. விதை முளைக்கும், நாலு இலை விடும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். குறை விதையில் இல்லை. இரண்டு மாத மழையில் ஊறிய மண்ணில் காற்றும் இல்லை, சத்தும் இல்லை. அதனால் முதல் இரண்டு வாரங்களை மண்ணுக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது. இரண்டு வாரம் தள்ளிப் போட்ட விதை, அவசரப்பட்டுப் போட்டதை எளிதாக முந்திவிடும்.

மழை உண்மையிலேயே ஓய்ந்துவிட்டதா?

இரண்டு நாள் வெயிலை நம்ப வேண்டாம். வடகிழக்குப் பருவக்காற்று இடையிடையே வலுத்து, நாள் கணக்கில் விடாமல் கொட்டும். 2025 ஜனவரி 10, 11 தேதிகளில் சாங்கியில் இரண்டே நாளில் அந்த மாதத்தின் சராசரி மழையையே தாண்டிவிட்டது. அதற்கு முந்தின வாரம் நாற்று நட்டவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். வானிலை ஆய்வகம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளியிடும் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஜனவரி கடைசி வாரம் வரை மண்வேலையை மட்டும் வைத்துக்கொண்டால் எந்த நட்டமும் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2014 பிப்ரவரியில் சாங்கியில் மாதம் முழுவதற்கும் 0.2 மில்லிமீட்டர் மழைதான். அப்படி ஒரு பிப்ரவரி வந்தால் தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகிற திட்டம் இருந்தால், திரும்பி வந்த பிறகு விதைப்பது நல்லது.

பழைய செடிகளில் எது தேறும்?

தொட்டி தொட்டியாகப் பாருங்கள். சந்தேகமாக இருக்கும் செடியை மண்ணோடு சாய்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், மண் வாசம் வரும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் கழன்று வந்து நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும். சாக்கடை வாடையும் அடிக்கும். பாதிக்கு மேல் இப்படி இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றுக்கும் இன்னொரு சோதனை அவசியம். இலை பச்சையாகவே இருக்க, செடி மட்டும் மத்தியானம் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்து, சில நாளில் ஒரேயடியாகச் சரிந்துவிட்டால் அது பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். ஈரமும் சூடும் சேர்ந்த மண்ணில் இது வேகமாகப் பரவும். தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டுங்கள். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி துண்டைப் பிடித்துக்கொண்டு ஆட்டாமல் பாருங்கள். வாடல் நோய் என்றால் சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, ஊதுபத்திப் புகை போல இழை இழையாகக் கீழே இறங்கும். அந்தத் தொட்டி மண்ணை மூட்டை கட்டி எறிந்துவிடுங்கள். கிருமி மண்ணில் நெடுநாள் தங்கும் என்பதால் மனம் இரங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தொட்டியை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, வெயிலில் காயவையுங்கள். வெட்டிய கத்தியையும் அப்படியே. ஒவ்வோர் ஆண்டும் கத்தரி இப்படியே போகிறது என்றால், சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைக்குமா என்று நர்சரியில் விசாரியுங்கள். சுண்டைக்காய்க்கு இந்த நோயைத் தாங்கும் வலு உண்டு.

கறிவேப்பிலை நம்மவர்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். மழைக்குப் பிறகு அது மஞ்சளடித்து நிற்கும். உடனே உரத்தை அள்ளிப் போடாதீர்கள். ஊறிய வேர் உரத்தை எடுக்காது, கருகத்தான் செய்யும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, மண் இரண்டு அங்குல ஆழத்துக்குக் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். பூவும் காயும் இருந்தால் கிள்ளிவிட்டு, நுனியைக் கவாத்து செய்யுங்கள். புதுத் துளிர் தெரிந்த பிறகு உரம். புளித்த மோர் ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஊர்த் தோட்டத்தில் சரி. தாழ்வாரத் தொட்டியில் அதனால் எறும்பும் வாடையும் வந்து அக்கம்பக்கத்தில் மனக்கசப்புதான் மிஞ்சும். வடிகாலும் வெயிலும் சரியாக இருந்தால் கறிவேப்பிலைக்கு மோர் தேவைப்படாது.

மண்ணை மீட்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மழைநீர் தொட்டி வழியாக இறங்கும்போது தழைச்சத்தையும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) கரைத்துக்கொண்டு போகிறது. சுண்ணாம்பும் மக்னீசியமும் அடிபட்டு மண் புளிக்கிறது, அதாவது அமிலத்தன்மை கூடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதால் வேருக்குக் காற்றுப் போகாது. மேலே பச்சையாகப் பாசி படர்ந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் பாசியையும் மேல் அரை அங்குல மண்ணையும் வழித்து எடுத்துவிடுங்கள். பழைய தார்ப்பாய் ஒன்றை விரித்து, நோய் இல்லாத தொட்டிகளின் மண்ணைக் கொட்டிப் பரப்புங்கள். கையுறை போட்டுக்கொள்வது முக்கியம். மண்ணில் ஆப்பிரிக்கப் பெருநத்தை ஒளிந்திருக்கலாம், அது மனிதருக்கு நோய் தரும் புழுவைச் சுமக்கக்கூடியது. கட்டிகளை உடைத்து, பழைய வேரைப் பொறுக்கிவிட்டு, மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். பொடிப்பொடியாகக் காய வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்னும் ஒரு நாள்.

பிறகு கலவை. பழைய மண் மூன்று பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய உரமோ ஒரு பங்கு, வடிகாலுக்கு பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் குருணை) அல்லது நர்சரிகளில் கிடைக்கும் சுட்ட செம்மண் ஒரு பங்கு. பத்து லிட்டர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி டோலமைட் சுண்ணாம்பு (மக்னீசியமும் கலந்த சுண்ணாம்பு) போதும். தேங்காய் நார்த்தூள் சேர்ப்பவர்கள், மழை நேரடியாக விழும் இடமென்றால் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த மழைக்காலத்தில் அதுவே தொல்லையாகும். நார்த்தூளை முதலில் இரண்டு தண்ணீர் விட்டு அலசினால் உப்பு போய்விடும்.

கலவையைத் தொட்டியில் நிரப்பும் முன் அடித்துளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள். பழைய வேர் அடைத்திருக்கும். நிரப்பிய பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் மண்ணின் மேலே குளமாக நின்றால் வடிகால் சரியில்லை, திரும்பக் கொட்டிக் கலக்குங்கள். சரியாக வடிந்தால் லேசான ஈரத்தோடு ஒரு வாரம் சும்மா விடுங்கள். அந்த ஒரு வாரத்தில் சுண்ணாம்பு மண்ணோடு சேரும், பழைய களை விதைகளும் முளைத்துவிடும், பிடுங்கிப் போட்டுவிடலாம்.

சமையலறைக் கழிவைப் பச்சையாகத் தொட்டியில் புதைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வாழைப்பழத் தோல், டீத்தூள் எல்லாம் மக்கிய பிறகுதான் உரம். அதற்கு முன் கரப்பானுக்கும் எலிக்கும் தீனி. அரிசி கழுவிய தண்ணீரை அன்றைக்கே ஊற்றுவதில் தப்பில்லை, ஆனால் அது உரத்துக்கு ஈடாகாது.

வெயில் எந்தப் பக்கம் போகிறது?

அடுக்குமாடித் தோட்டத்தில் பலரும் கவனிக்காமல் விடுவது இது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, மார்ச் 23, 24 வாக்கில் நேர் தலைக்கு மேல் வருகிறது, பிறகு செப்டம்பர் 20 வாக்குவரை வடக்குப் பக்கம்.

இதனால் என்ன ஆகும்? தெற்கு பார்த்த தாழ்வாரத்தில் பிப்ரவரியில் வெயில் நன்றாக உள்ளே விழும். அதை நம்பி வெண்டையும் பாகலும் போட்டால், காய்க்க வேண்டிய ஏப்ரலில் நேர் வெயில் கூரைக்கு மேலே போய்விட்டிருக்கும். தெற்கு பார்த்த வீட்டார் பிப்ரவரியில் சீக்கிரம் அறுக்கும் கீரைகளைப் போட்டு மார்ச்சுக்குள் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். வடக்கு பார்த்தவர்கள் இதற்கு நேர்மாறு: பிப்ரவரியில் நாற்று மட்டும் வளர்த்து, மார்ச் கடைசியில் பெரிய தொட்டிக்கு மாற்றினால், காய்க்கும் காலத்துக்கு வெயில் கூடிக்கொண்டே வரும். கிழக்கு பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், காலை வெயில் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். மேற்கில் பிற்பகல் வெயில் கடுமையாக இருக்கும். அங்கே வெண்டை, மிளகாய், தட்டைப்பயறு தாங்கும், சாய் சிம் என்ற சீனக் கீரை வாடிப்போகும்.

இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணி வாக்கில்தான். அதனால் 12 மணிக்குப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். விடுமுறை நாளில் காலை 8 மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, தொட்டி மேல் நேர் வெயில் விழும் மணிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரம் கிடைத்தால் கீரை வரும். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். எதிர் புளோக்கின் நிழலையும் கணக்கில் சேருங்கள்.

எதை, எப்படி விதைப்பது

முதலில் கங்குங்கும் தண்டுக்கீரையும். மண் சரியாகிவிட்டதா என்று சொல்லக்கூடியவை இவைதான். கங்குங் விதையை ஓர் இரவு ஊறவைத்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். மூன்று நாலு வாரத்தில் அறுக்கலாம், அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கீரை விதை பொடியானது, ஒரு பிடி காய்ந்த மணலில் கலந்து தூவினால் பரவலாக விழும். எறும்பு விதையைத் தூக்கிப் போகும், முளைக்கும்வரை மேலே ஓர் ஈரத் துணியைப் போட்டு மூடிவையுங்கள். 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி இவற்றுக்குப் போதும்.

வெண்டைக்கு 15 முதல் 20 லிட்டர் தொட்டி. விதையை இரவு முழுக்க ஊறவைத்து, தொட்டிக்கு இரண்டு போட்டு, நல்ல நாற்று ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். வெண்டைக்கு நேரடி விதைப்புதான் சரி, வேரை அசைத்தால் பிடிக்காது. ஏழு எட்டு வாரத்தில் காய்க்கும். பூத்த ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டும். விட்டால் நார் ஏறும், செடியும் அடுத்த பூவைத் தள்ளிப்போடும்.

மிளகாயும் கத்தரியும் நாற்றாங்கால் வழியாக. சிறு கப்பில் விதைத்து, நாலைந்து உண்மை இலை (முதலில் வரும் விதையிலைக்குப் பிறகு வருபவை) வந்ததும் மாற்றுங்கள். மிளகாய் முளைக்க ஒன்று முதல் இரண்டு வாரம்கூட ஆகும், பொறுமை வேண்டும். சாயங்காலம் நாற்று மாற்றி, இரண்டு நாள் நிழலில் வைத்தால் வாட்டம் குறையும்.

பாகற்காய்க்கு 25 லிட்டராவது வேண்டும், பந்தலும் வேண்டும். விதைத் தோல் தடிமன் என்பதால் நகவெட்டியால் முனையை லேசாக நறுக்கி ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும். முதலில் ஆண் பூ மட்டும் வரும், கவலைப்பட வேண்டாம். பெண் பூவின் பின்னால் குட்டிப் பாகற்காய் ஒட்டியிருக்கும். பத்தாவது மாடிக்குத் தேனீ வரும் என்று காத்திருக்க முடியாது. காலை 9 மணிக்குள் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழை நீக்கிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். காய் விரல் அளவு வந்ததும் காகிதப் பையில் மூடினால் பழ ஈ குத்தாது.

தக்காளி ஆசை எல்லாருக்கும் உண்டு. இங்கே இரவுச் சூடு 23 பாகைக்குக் கீழே அரிதாகத்தான் இறங்குகிறது. பெரிய தக்காளி ரகங்கள் அந்தச் சூட்டில் பூவை உதிர்த்துவிடும். செர்ரி தக்காளி போடுங்கள். கொத்தமல்லியை பிப்ரவரிக் காற்றில் முயன்று பார்க்கலாம். விதையை இரண்டாகப் பிளந்து நெருக்கமாகத் தூவி, இளசாகவே பறித்துவிடுங்கள்.

விதைக்குத் தேக்காவிலும் நர்சரிகளிலும் வேண்டிய அளவு கிடைக்கிறது. ஊரிலிருந்து செடியோ விதையோ கொண்டுவர நினைத்தால், முதலில் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளைப் பாருங்கள். நோய் கூடவே வந்துவிடும் என்பதால்தான் அந்தக் கட்டுப்பாடு.

தாழ்வாரம், கொசு, அக்கம்பக்கம்

பொதுத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் நடைவழி விட வேண்டும். தீ விபத்தின்போது ஸ்டிரெச்சர் போக வேண்டிய வழி அது. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. சந்தேகமிருந்தால் உங்கள் நகர மன்றத்தைக் கேளுங்கள்.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். முட்டைகள் காய்ந்த தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் மழை ஓய்ந்ததும் தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, விளிம்பை நார் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். இறுகிய மண்ணின் மேல் தேங்கும் தண்ணீரிலும் கொசு முட்டையிடும், வாரம் ஒருமுறை மேல்மண்ணைக் கொத்திவிடுங்கள். தட்டே இல்லாமல் செங்கல் மேல் வைத்தால் பாதி வேலை குறையும், ஆனால் வடியும் தண்ணீர் கீழ்வீட்டார் துணியில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் வெயிலே இல்லை என்றால் அருகிலுள்ள சமூகத் தோட்டத்தில் சேருங்கள். 2005ல் தொடங்கிய அந்தத் திட்டம் இப்போது பெரும்பாலான பேட்டைகளில் இருக்கிறது. சீன ஆன்ட்டியிடம் சாய் சிம் பக்குவமும், மலாய் மக்சிக்கிடம் (அத்தை வயதுப் பெண்மணி) பச்சையாகச் சாப்பிடும் உலாம் ராஜா கீரையும், நம்மிடம் முருங்கைக் குச்சியும் கைமாறும் இடம் அது. தனிப் பாத்தி வேண்டுமென்றால் பூங்காக்களில் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் வாடகைக்கு விடுகிறார்கள். குலுக்கல் அறிவிப்பு வரும்போது விண்ணப்பித்துவிடுங்கள்.

மார்ச் முதல் மே வரை

பிப்ரவரிக் காற்றில் தொட்டி காய்வது நமக்கே தெரியாது. காலை 8 மணிக்குள் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் இன்னொரு தடவை. காய்ந்த இலைகளை மேலே பரப்பினால் ஈரம் நிற்கும். இதே உலர்காலத்தில்தான் செஞ்சிலந்தி வரும். இலை மேலே ஊசி குத்தியது போல வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் அதுதான். தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை.

வெண்டையில் மாவுப்பூச்சி வந்தால் கூடவே எறும்பு ஏறுவதைப் பார்ப்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். கத்தரியில் ஒரு கிளையின் நுனி மட்டும் தலை தொங்கினால் உள்ளே தண்டுப்புழு இருக்கிறது. துவண்ட இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, பையில் கட்டி எறியுங்கள். இதற்கு மருந்தைவிடக் கத்திதான் பலன் தரும்.

உரம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக. பூ வரும்வரை தழைச்சத்து, பூத்த பிறகு சாம்பல்சத்து கூடிய உரம். ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடியோடு மழை கொட்டும். பந்தல் கட்டுகளை இறுக்குங்கள், மிளகாய்க்குக் குச்சி ஊன்றுங்கள். கீரையை மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி வீதம் மாற்றி மாற்றி விதைத்துக்கொண்டே வந்தால் வீட்டுக்குத் தட்டுப்பாடு வராது.

வெண்டை ஓயும் தருவாயில் நல்ல செடியில் ஒரு காயை மட்டும் பறிக்காமல் விடுங்கள். பழுப்பாகக் காய்ந்து, ஆட்டினால் விதை சத்தம் கேட்கும்போது பறித்து, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, தேதி எழுதிய காகித உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். பாக்கெட்டில் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று போட்டிருந்த ரகமென்றால் அதன் விதை தாய்ச்செடி மாதிரி வராது. அதற்கு மட்டும் அடுத்த தையில் புதுப் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.